உன் பேரு லிஸ்ட்ல இல்ல



உத்திரமேரூர் பக்கம் எங்கள் சேரியில் நடக்கும் இரவுப் பாடசாலைக்குக் கணினிகள் எப்படி வந்தன, எப்படி ஓடுகின்றன, எவ்வளவு செலவாகும் என்று கல்லூரி மாணவர்கள் பலர் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். வேலை எப்படிச் செய்தோம் என்பதோடு, நான் செய்த ஒரு தவறையும் எழுதியாக வேண்டும். வேலையைவிட அந்தத் தவறுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கொரோனா காலத்தில் பள்ளிகளை மூடியபோது நம் தெருப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு செல்போன். அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது அவர் சட்டைப் பையில் போய்விடும். மூன்று பிள்ளை இருக்கும் வீட்டில் ஆன்லைன் வகுப்பு யாருக்கு? பெரும்பாலும் ஆண் பிள்ளைக்கு. பள்ளி திறந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, தேர்வாணையத் தேர்வு என்று எல்லாம் கணினி வழியாகத்தான். அதற்காக நம் பிள்ளைகள் பஜாரில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நிற்கிறார்கள். தன் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். என் தாத்தா கைநாட்டு வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இந்த நேரத்தில் ஒரு நண்பர் மூலம் ஒரு கம்பெனியின் பழைய கணினிகள் பத்து கிடைத்தன. நல்ல கணினிகள்தான். ஒவ்வொன்றிலும் 4 ஜிபி ரேம். ஆனால் ஒன்றில்கூட ஹார்டு டிஸ்க் இல்லை. தங்கள் தகவல் வெளியே போய்விடக் கூடாது என்று நிறுவனங்கள் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் பார்த்தவர்கள் எல்லாம், "இத வச்சு இன்னாண்ணா பண்றது, காயலான் கடைக்குத்தான் போவும்" என்றார்கள்.

நான் சில வருடம் சென்னையில் சிஸ்டம் அட்மின் வேலை பார்த்தவன். டிஸ்க் இல்லாத கணினியும் ஓடும் என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு சர்வர் வேண்டும், அவ்வளவுதான்.

கணினி எப்படிக் கண் விழிக்கிறது

டிஸ்க் இல்லாத கணினியின் பொத்தானை அழுத்தினால் அதற்குத் தான் யார் என்றே தெரியாது. இயங்குதளம் இல்லை, முகவரி இல்லை. அதனுடைய நெட்வொர்க் கார்டில் மட்டும் ஒரு சின்ன நிரல் உறங்கிக்கொண்டிருக்கும். பிஎக்ஸ்இ என்று பெயர். இன்டெல் நிறுவனம் 1990களின் கடைசியில் கொண்டுவந்தது. இன்று எல்லா மேசைக் கணினிகளிலும் அநேகமாக இருக்கிறது. அந்த நிரல் கம்பி வழியாகத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தும்: "நான் புதுசா வந்திருக்கேன், எனக்கு யாராவது முகவரி கொடுங்க." இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது டிஹெச்சிபி.

சர்வர் முகவரி கொடுக்கும்போது இன்னும் இரண்டு விஷயம் சொல்லும். உனக்குத் தேவையான கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது, அதன் பெயர் என்ன. கணினி அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய வழியில் இறக்கிக்கொள்ளும். அது ஒரு குட்டி நிரல். அது லினக்ஸ் கெர்னலையும், தொடக்கத்துக்குத் தேவையான கோப்புகளைக் கட்டிய ஒரு மூட்டையையும் இழுத்துவரும். பிறகு முழு இயங்குதளமும் சர்வரில் இருக்கும் ஒரே படிமத்திலிருந்து என்எஃப்எஸ் வழியாகப் படிக்கப்படும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்.

இதையெல்லாம் ஒன்றாகக் கட்டிக் கொடுப்பது எல்டிஎஸ்பி. லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட் என்பதன் சுருக்கம். 1999 முதல் இருக்கிறது. 2019இல் முழுக்கப் புதிதாக எழுதினார்கள். உலகம் முழுக்கப் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. காசு கிடையாது, யாரிடமும் உரிமம் கேட்க வேண்டாம்.

பத்துக் கணினியில் நல்லதாக ஒன்றைச் சர்வராக்கினோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு எஸ்எஸ்டியும், கூடுதல் ரேமும், இன்னொரு நெட்வொர்க் கார்டும், பழைய பதினாறு போர்ட் ஸ்விட்ச் ஒன்றும் வாங்கினோம். ஸ்விட்ச் மட்டும் கிகாபிட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்பது கணினியும் ஒரே நேரத்தில் ஒரே சர்வரிடம் கேட்கும்போது பழைய நூறு மெகாபிட் ஸ்விட்ச் திணறிவிடும். சர்வரில் டெபியன் நிறுவினோம். அதன் மேல் எல்டிஎஸ்பி, டிஎன்எஸ்மாஸ்க், என்எஃப்எஸ் சர்வர், எஸ்எஸ்ஹெச் சர்வர். பிள்ளைகளுக்கு லிப்ரெ ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், டக்ஸ் பெயிண்ட், தமிழ்99 விசைப்பலகை. சர்வரில் எது நிறுவுகிறோமோ அதுவே படிமமாகி ஒன்பது கணினிக்கும் போகும். ஒன்றைச் சரிசெய்தால் ஒன்பதும் சரியாகும். இதுதான் இந்த முறையின் பெரிய லாபம்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. எங்கள் பக்கம் மின்சாரம் அடிக்கடி போகும். டிஸ்க் உள்ள கணினி திடீரென்று அணைந்தால் உள்ளே ஏதாவது கெட்டுப்போகும் பயம் உண்டு. டிஸ்கே இல்லாத கணினியில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? சர்வருக்கு மட்டும் ஒரு யுபிஎஸ் வைத்தால் போதும்.

மூன்று பிழைகள்

முதல் நாள் ஒன்றும் ஓடவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. நீங்கள் செய்யும்போதும் இந்தப் பிழைகள் வரும். அதனால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வந்தது பிஎக்ஸ்இ இ51. முகவரி கொடுக்க யாருமே வரவில்லை என்று அர்த்தம். கணினி கத்துகிறது, யார் காதிலும் விழவில்லை. சர்வரில் தேடித் தேடிப் பார்த்தேன். கடைசியில் குற்றம் கம்பியில். ஐ.டி.ஐ. படிக்கும் தம்பி ஒருவர்தான் முனைகளைக் கிரிம்ப் செய்தார். இரண்டு கம்பி நிறம் மாறியிருந்தது. அவரே கண்டுபிடித்து அவரே திருத்தினார்.

அடுத்து இ53. முகவரி கிடைத்துவிட்டது, ஆனால் இறக்க வேண்டிய கோப்பின் பெயர் வரவில்லை. காரணம், எங்கள் இணைய ரௌட்டரும் முகவரி கொடுக்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தது. கணினி கத்தியதும் சர்வரை முந்திக்கொண்டு ரௌட்டர் ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். அடுத்து என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். "பஞ்சமி நெலத்துக்குப் பட்டா குடுத்த கத மாதிரி கீது. கையில காயிதம் கீது, நெலம் எங்கன்னு சொல்றதுக்கு ஆளில்ல."

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை அது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை நம் மண்ணைப் பற்றியது. நம் மக்களுக்கு நிலம் கொடுத்தால்தான் விடிவு என்று அவர் எழுதினார். அதையொட்டி வந்ததுதான் பஞ்சமி நில ஒதுக்கீடு. அதை மீட்கக் காரணையில் போராடினோம். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். காகிதத்தில் முகவரி இருப்பதும் காலூன்ற இடம் இருப்பதும் வேறு வேறு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இ53க்குத் தீர்வு எளிது. சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று ரௌட்டருக்கு, மற்றொன்று பிள்ளைகளின் ஸ்விட்ச்சுக்கு. ஸ்விட்ச் பக்கம் முகவரி கொடுக்கும் அதிகாரம் சர்வருக்கு மட்டும். இணையமும் சர்வர் வழியாகவே போகும்.

மூன்றாவது இ32. கோப்பின் பெயர் தெரிந்தது, கேட்டால் சர்வர் கதவைத் திறக்கவில்லை. நான் பழைய வேலைப் பழக்கத்தில் ஃபயர்வாலை இறுக்கி வைத்திருந்தேன். யுடிபி 67, 69 எண் போர்ட்டுகளையும், என்எஃப்எஸ்ஸுக்கான போர்ட்டையும் உள் கார்டுக்கு மட்டும் திறந்துவிட்டேன். அன்று இரவு எட்டு மணிக்கு ஒன்பது திரையும் வரிசையாக எரிந்தன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஊர்த்தெருவிலிருந்து இரண்டு பேர் என்ன கலாட்டா என்று பார்க்க வந்துவிட்டார்கள்.

எபோப்டிஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. வாத்தியார் தன் திரையில் எல்லாப் பிள்ளைகளின் திரைகளையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எல்டிஎஸ்பி வைப்பவர்கள் பலரும் அதையும் சேர்த்து நிறுவுவார்கள். நாங்கள் உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்று விட்டுவிட்டோம். நம் பிள்ளைகள் எங்கே நடக்கிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று பார்க்க ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

இது புதிய வழி இல்லை

நாம்தான் முதலில் செய்கிறோம் என்ற நினைப்பு வரக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிப் பாடம் நடக்கிறது. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத் தோழர்கள் அம்பேத்கர் பெயரிலேயே சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். பழைய கணினிகள், குனு லினக்ஸ், கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள்.

தமிழ்நாட்டில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பெயரை இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திருவாரூரில் ஆட்சியராக இருந்தபோது நிர்வாகத்தைக் கணினிமயமாக்கினார். எல்காட் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனத்தின் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றினார். 2010 ஜூலையில் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? சாதிச் சான்றிதழ் சரியில்லை என்று. இருபது வருடம் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவரிடம் நீ யார் என்று கேட்டார்கள். தலித் அமைப்புகளும் மற்றவர்களும் குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அவருடைய பிற்காலக் கருத்துகள் பலவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் லினக்ஸ் வேலையை மதிக்க அது தடையில்லை.

நான் செய்த தவறு

இப்போது அந்தத் தவறுக்கு வருகிறேன்.

எங்கள் பாடசாலை சேரியில் இருக்கிறது. ஆனால் யார் வந்தாலும் உண்டு. ஊர்த்தெருவிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். சில நாளில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருளர் நிலைமை உங்களுக்குத் தெரியும். பழங்குடிச் சான்றிதழுக்கு வருடக்கணக்கில் அலைகிறார்கள். பலருக்கு மனைப்பட்டா இல்லை. செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முன்பணத்துக்குக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடக்கிறார்கள்.

அப்படி வந்தவள் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி. அவள் சேர்ந்த வாரம் நான் ஊரில் இல்லை. வேறு மாவட்டத்தில் ஒரு வன்கொடுமை வழக்கு. உண்மை அறியும் குழுவோடு போயிருந்தேன். பாடசாலையைப் பார்த்துக்கொண்டது பி.எஸ்சி. படிக்கும் தங்கை. புதுப் பிள்ளைக்குச் சர்வரில் பெயர் சேர்க்க அவருக்குத் தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். சேர்த்தார். கடவுச்சொல் வைத்தார். பிள்ளை போய்க் கணினி முன்னால் உட்கார்ந்து பெயரை அடித்தாள். பிழை என்று வந்தது. திரும்ப அடித்தாள். பிழை. தங்கை வந்து அடித்தார். பிழை.

காரணம் இதுதான். எல்டிஎஸ்பியில் பயனர் பட்டியல், தொடக்கத்தில் கணினிகளுக்கு அனுப்பும் அந்த மூட்டைக்குள் வைத்துக் கட்டப்படுகிறது. சர்வரில் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தால், மூட்டையை மறுபடி கட்ட வேண்டும். எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி என்று ஒரே ஒரு வரிக் கட்டளை. சில நொடி வேலை. பிறகு கணினியை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சர்வரில் உன் பெயர் இருக்கும். உன் எதிரில் இருக்கும் கணினியில் பழைய பட்டியல்தான் இருக்கும். இந்த ஒரு வரியை நான் தங்கைக்குச் சொல்லித் தரவில்லை. அதுவரை ஒவ்வொரு முறையும் பின்னால் போய் நானே செய்துவிட்டிருந்தேன். செய்கிறேன் என்பதே எனக்கு நினைவில் இல்லாத அளவுக்குப் பழக்கம்.

தங்கை எனக்குப் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், பிரேதப் பரிசோதனைக்காகக் காத்திருந்த குடும்பத்தோடு நின்றிருந்தேன். எனவே தங்கை அந்தப் பிள்ளையிடம் சொன்னார்: "உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா. அண்ணா வந்து ஏத்துவாரு. அதுவரைக்கும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கோ." கெட்ட எண்ணத்தோடு சொன்ன சொல் இல்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

மூன்று நாள் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருத்தி படம் வரைவதைப் பார்த்தாள். நான்காம் நாள் வரவில்லை.

நான் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் முதலில் கட்டளையை அடித்தேன். பெயர் ஏறிவிட்டது. பிறகு தங்கையோடு ஏரிக்கரைக்குப் போனேன். பிள்ளை வெளியே வரவில்லை. அம்மா மட்டும் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

"ரேஷன் கடையில பேரு இல்லன்றாங்க. தாசில்தார் ஆபீஸ்ல பேரு இல்லன்றாங்க. சரி, உங்க பள்ளிக்கூடத்துலயும் இல்லன்னாங்களாம். எங்களுக்கு எங்கதான் சார் பேரு கீது?"

என்னிடம் பதில் இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்ல வாய் வந்தது. அதே வார்த்தையை எத்தனை அலுவலகத்தில் நான் கேட்டிருக்கிறேன், எத்தனை முறை அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். "எங்க தப்புதான்மா. இப்ப ஏத்திட்டோம். பாப்பாவ அனுப்புங்க" என்று மட்டும் சொன்னேன்.

குடவோலைக் கல்வெட்டும் நாங்களும்

உத்திரமேரூர் என்றாலே எல்லோருக்கும் குடவோலைதான் ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு. கி.பி. 920-ஐ ஒட்டியது. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில்கூடப் பிரதமர் இந்தக் கல்வெட்டைப் பெருமையாகச் சொன்னார்.

அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போகும் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. அது ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். ஒரு வேதத்தைக் கரைத்துக் குடித்திருந்தால் நிலத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. நிலம், மனை, வேதம் என்று மூன்று பூட்டு. நம் பாட்டன் பெயர் அந்தக் குடத்தின் நிழலில்கூட விழுந்திருக்காது. அந்த ஏரிக்கரைப் பிள்ளையின் பாட்டி பெயரும்தான்.

இதை நான் எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அறிவை ஒருசிலர் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களை வாசலில் நிறுத்துவதுதான் சாதியின் வேலை என்று தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். ஏரிக்கரையிலிருந்து திரும்பி வரும்போது தங்கை கேட்டார்: "ஏண்ணா, அந்த ஒரு வரிய எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம்ல?"

கேலியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அடி சரியான இடத்தில் விழுந்தது. மூன்று பூட்டில் கடைசிப் பூட்டை நானே செய்து வைத்திருக்கிறேன். சர்வர் நிர்வாகக் கடவுச்சொல் எனக்கு மட்டும். பிழை வந்தால் எனக்கு மட்டும் தெரியும். நான் ஊரில் இல்லையென்றால் பாடசாலை முடங்கும். எல்லாவற்றையும் நானே சுமக்கிறேன் என்று உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. சொல்லித் தர நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். நேரமில்லை என்பது பாதி உண்மை. என்னைக் கேட்டுத்தான் எல்லாம் நடக்கிறது என்பதில் ஒரு சுகம் இருந்தது என்பது மீதி உண்மை.

அடுத்த ஞாயிறு ஒரு வேலை செய்தோம். பிள்ளைகளின் கோப்புறைகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டு, சர்வரை முழுக்க அழித்தோம். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு. டெபியன் நிறுவியதிலிருந்து ஒன்பது திரையும் எரிகிற வரை எல்லாவற்றையும் தங்கையும் ஐ.டி.ஐ. தம்பியும் செய்தார்கள். நான் வாயால் மட்டும் சொல்லலாம், விசைப்பலகையைத் தொடக் கூடாது. இ53 மறுபடி வந்தது. கை பரபரத்தது. தொடவில்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதரைக்கு முடித்தார்கள். அடுத்த மாதம் இன்னும் இரண்டு பேருக்கு அவர்கள் சொல்லித் தந்தார்கள். அப்போது நான் அங்கே இல்லவே இல்லை.

ஒவ்வொரு படியையும் ஒரு நோட்டில் எழுதிச் சர்வர் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். தமிழில். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: "புதுப் பெயர் சேர்த்தால் இனிட்ஆர்டி கட்டளை போடாமல் எழுந்திருக்காதே. பிள்ளை உள்ளே நுழைந்ததைக் கண்ணால் பார்."

குடவோலைக் கல்வெட்டிலிருந்து இரண்டு விதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் மூன்று ஆண்டுக்கு மறுபடி வரக் கூடாது என்று அதில் இருக்கிறது. கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது என்றும் இருக்கிறது. இவை இரண்டும் நல்ல விதிகள். எங்கள் சர்வர் பொறுப்பு ஆறு மாதத்துக்கு ஒருவர். மாறும்போது கடவுச்சொல்லும் மாறும். செலவுக் கணக்கு சுவரில் ஒட்டப்படும். நிலம், மனை, வேதம் மூன்றையும் கோயில் சுவரிலேயே விட்டுவிட்டோம். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பொறுப்பு எடுக்கலாம்.

அந்தப் பிள்ளை

வந்தாள். ஒரு வாரம் கழித்து, தங்கை இன்னொரு முறை போய்க் கூப்பிட்ட பிறகு. கணினி முன்னால் உட்கார்ந்து, பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். திரை திறந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, திரையைத்தான் பார்த்தேன். டக்ஸ் பெயிண்ட்டில் ஏரி வரைந்தாள், கரையில் ஒரு பனைமரம். சர்வரில் அவள் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் அந்தப் படம்.

டிசம்பர் வரை வந்தாள். தை பிறந்ததும் குடும்பம் சூளைக்குப் போய்விட்டது. முன்பணம் வாங்கியிருந்தார்கள். இதை ஒரு சர்வர் தடுக்காது. அதற்கு வேறு போராட்டம் இருக்கிறது, அதை வேறு இடத்தில் எழுதுகிறேன்.

மார்ச்சில் இடம் குறைவாக இருக்கிறது, மூன்று மாதமாக வராதவர்கள் கணக்கை அழித்துவிடலாமா என்று அப்போது பொறுப்பில் இருந்த தம்பி கேட்டார். எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். யார் பெயரையும் அழிப்பதில்லை என்று முடிவு செய்தோம். டிஸ்க் வேண்டுமானால் பெரிதாக வாங்கிக்கொள்ளலாம். மழை தொடங்கும்போது சூளை வேலை முடியும். திரும்பி வந்து எந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தாலும் அவள் ஏரியும் பனைமரமும் அங்கே இருக்கும்.

உங்கள் ஊரில் டிஸ்க் இல்லாத பழைய கணினிகள் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஐந்து இருந்தால்கூடப் போதும். சர்வரை அமைக்கும் முதல் நாளே உங்களோடு இன்னும் இரண்டு பேரை உட்கார வையுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். நீங்கள் இல்லாத ஒரு வாரத்தில் பாடசாலை நடந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் எங்கள் பாடசாலைக்கு வாருங்கள். நோட்டு தொங்குகிறது, தங்கை சொல்லித் தருவார்.

ஜெய் பீம்.